அமெரிக்க அணு ஆயுத ஆலைத் தொழிலாளர் இழப்பீடு: கோரிக்கை எங்கே அறுகிறது, எப்படி ஒட்டவைப்பது?

மலைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஹான்ஃபோர்டு, ராக்கி ஃபிளாட்ஸ், ஓக் ரிட்ஜ், சவான்னா ரிவர், படூக்கா போன்ற ஆலைகளில் அணு ஆயுதத்துக்காக உழைத்து நோயாளியானவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 2000 அக்டோபர் 30 அன்று வந்தது. ஈஈஓஐசிபிஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். இதுவரை கொடுத்த பணமும் மருத்துவச் செலவும் சேர்த்தால் 2,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அப்படியிருந்தும் நியாயமான கோரிக்கைகள் காகிதக் கோளாறில் விழுந்துகொண்டே இருக்கின்றன. மறுப்பு வந்ததும் "இனி ஒன்றும் நடக்காது" என்று கோப்பை மூடி வைத்துவிடுகிறார்கள். அது தேவையில்லை.

பேச்சு சிதறாமல் இருக்க ஒரு மாதிரிக் கோப்பை எடுத்துக்கொள்வோம். குழாய்ப் பொருத்துநர், 1964 முதல் 1981 வரை ஒரு பெரிய ஆலைக்குள் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை. 2009-இல் புராஸ்டேட் புற்று, பிறகு மூச்சடைப்பு நோய். துணை ஒப்பந்த நிறுவனம் இன்று இல்லை. கதிர் அளவைக் காட்டும் பேட்ஜின் பதிவேட்டில் பாதிக்கு மேல் பூஜ்யம். இந்தக் கோப்பு எந்தெந்த இடத்தில் இடறும்? தெரிந்தவர்கள் வரிசையாகச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி

முதலில் எந்தப் பிரிவு என்று தெளிவாக்கிக்கொள்வோம். பாதிக் குழப்பம் இங்கேதான்.

பி பிரிவில் புற்று, பெரிலிய நோய், நெவாடா, அம்சிட்கா அணுச்சோதனைத் தளங்களின் சுரங்கப் பாதைகளில் வேலை செய்தவர்களின் சிலிக்கோசிஸ் (சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) ஆகியவை வரும். ஒரே தொகையாக 1,50,000 டாலர், கூடவே அந்த நோய்க்கான மருத்துவச் செலவு. எரிசக்தித் துறையின் நேரடி ஊழியர், ஒப்பந்த ஊழியர், அணு ஆயுதத்துக்குப் பொருள் செய்து கொடுத்த தனியார் ஆலை ஊழியர், பெரிலியம் சப்ளை செய்த நிறுவன ஊழியர் எல்லோரும் இதில் உண்டு.

ஈ பிரிவு 2004 அக்டோபரில் வந்தது. ரசாயனம், கரைப்பான், ஆஸ்பெஸ்டாஸ், கன உலோகம் என எந்த நச்சுப்பொருளால் வந்த நோயானாலும் கேட்கலாம். ஆனால் ஆலைத் தொழிலாளர்களில், எரிசக்தித் துறை ஆலையில் ஒப்பந்த, துணை ஒப்பந்த ஊழியராக இருந்தவருக்கு மட்டும். நேரடி அரசு ஊழியருக்கோ தனியார் ஆலை ஊழியருக்கோ கிடையாது. உச்ச வரம்பு 2,50,000 டாலர். இது பி பிரிவுத் தொகைக்கு மேல் தனியாக வருவது.

வணிக மின் உற்பத்தி அணு உலை ஊழியர், கடற்படை உந்துவிசை ஆலை ஊழியர், ராணுவ வீரர் ஆகியோர் இந்தச் சட்டத்துக்குள்ளேயே வர மாட்டார்கள். அவர்களுக்கு வழி வேறு.

மலைச்சாரல் சொன்ன குழாய்ப் பொருத்துநருக்கு இரண்டு பிரிவுமே திறந்திருக்கிறது. உயிரோடிருந்தால் ஈஈ-1 படிவம், இறந்துவிட்டால் குடும்பத்தார் ஈஈ-2. வேலை வரலாற்றுக்கு ஈஈ-3. காகிதம் முழுவதும் கைக்கு வந்த பிறகு போடலாம் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவச் செலவு, படிவம் போட்ட நாளிலிருந்துதான் கணக்காகும். முதலில் படிவம், பிறகு காகிதம்.

பனங்காடு

துணை ஒப்பந்தம்னா முதல் அடியே அங்கதான் விழும். வேலை செஞ்சாருங்கறது மட்டும் போதாது. மூணு விஷயம் காட்டணும்: அந்த நிறுவனத்துக்கும் ஆலைக்கும் ஒப்பந்தம் இருந்தது, இவர் அந்த நிறுவனத்துல வேலை பார்த்தார், ஆலை வளாகத்துக்கு *உள்ள* வேலை பார்த்தார். சரக்கு இறக்கிட்டு திரும்பிப் போனவங்க இதுல சேர மாட்டாங்க.

நிறுவனமே இல்லாம போனா எங்க தேடுறது? சமூகப் பாதுகாப்பு வருமானப் பதிவை எடுக்க எஸ்எஸ்ஏ-581 படிவத்துல கையெழுத்து போட்டுக் கொடுங்க. எந்தக் காலாண்டுல எந்த முதலாளி சம்பளம் கொடுத்தார்னு அதுல வரும். ஆனா எந்த இடத்துல வேலைன்னு வராது. அதுக்குத் தொழிற்சங்கம் ஆளை வேலைக்கு அனுப்பின சீட்டு, சங்கத்தோட ஓய்வூதிய நிதிப் பதிவு, வாயில் அனுமதிச் சீட்டு, பாதுகாப்பு அனுமதிக் கோப்பு, ஆலை மருத்துவமனைச் சீட்டு, பேட்ஜ் பதிவு எதுவானாலும் உதவும். கட்டுமானத் தொழிலாளிங்க விஷயத்துல தொழிலாளர் துறையே கட்டுமான ஆய்வு மையமான சிபிடபிள்யுஆர்கிட்ட கேட்டுப் பார்க்கும்.

ஈஈ-4 உறுதிமொழி பத்தி ஒண்ணு. கூட வேலை பார்த்தவர் "இவரைத் தெரியும், நல்லவர்"னு எழுதினா பயனில்லை. எந்த வருஷம் முதல் எந்த வருஷம், எந்தக் கட்டடம், என்ன வேலை, இவருக்கு அது எப்படித் தெரியும், இதெல்லாம் இருக்கணும். உறுதிமொழி தனியா நிக்காது. வருமானப் பதிவோட சேர்த்து வெச்சாத்தான் கனம்.

கதிரளவன்

இந்த மாதிரிக் கோப்பில் நான் முதலில் பார்ப்பது எஸ்இசி. சிறப்பு வகுப்பு என்று சொல்லலாம். டோஸ், அதாவது உடலில் பட்ட கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடப் போதிய பதிவு இல்லை என்று அரசே ஒப்புக்கொண்ட ஆலைகள், ஆண்டுகள் இதில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் 250 வேலை நாள் இருந்து, சட்டம் சொல்லும் 22 புற்றுகளில் ஒன்று வந்திருந்தால் டோஸ் கணக்கே கிடையாது; நேராக ஏற்பு.

படூக்கா, போர்ட்ஸ்மத், ஓக் ரிட்ஜ் கே-25 மூன்றும் சட்டத்திலேயே உள்ளன. 1992 பிப்ரவரி 1-க்கு முந்தைய 250 நாள் வேண்டும். மற்றவை பெரும்பாலும் மனுப் போட்டுச் சேர்ந்தவை. ராக்கி ஃபிளாட்ஸ் மனு 2005-இல் போனது. 1952 ஏப்ரல் முதல் 1983 டிசம்பர் வரை முழுமையாகச் சேர 2014 ஆகிவிட்டது. அந்த ஒன்பது ஆண்டில் மறுப்பு வாங்கியவர்கள் கோப்பை இன்று திறந்து பார்க்க வேண்டும். ஒரே ஆலையில் 250 நாள் நிரம்பாவிட்டால், வேறு எஸ்இசி வகுப்பில் இருந்த நாட்களைக் கூட்டிக்கொள்ளலாம். இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

புராஸ்டேட்டும் தோல் புற்றும் 22-இல் இல்லை. ஆகவே மேலோட்டமாகப் பார்த்தால் நம் குழாய்ப் பொருத்துநருக்கு எஸ்இசி கதவு மூடியிருக்கிறது.

நெய்தல்

கதிரளவன் அண்ணா, அந்தக் கதவை மூடுவதற்கு முன் நோயியல் அறிக்கையையும் ஸ்கேனையும் முழுதாகப் படிக்க வேண்டும். எலும்பு, சிறுநீரகம், நுரையீரல் மூன்றுக்கும் முதல்நிலைப் புற்றுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறிடத்தில் தொடங்கி அங்கே பரவிய இரண்டாம்நிலைப் புற்றும் கணக்கில் வரும். புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவியிருந்தால் அது எஸ்இசி பட்டியலில் "எலும்புப் புற்று". படிவத்தில் "புராஸ்டேட்" என்று மட்டும் எழுதியிருந்தால் அலுவலர் பட்டியலில் தேடுவார், இல்லை என்று டோஸ் கணக்குக்கு அனுப்பிவிடுவார். எலும்புப் பரவல் எந்த ஸ்கேனில் எந்தத் தேதியில் தெரிந்தது என்று தனி நோயாக எழுதிக் கேட்க வேண்டும்.

இப்படிப் பெயரால் நழுவுபவை வேறு சிலவும் உண்டு. மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், பாலிசைத்தீமியா வேரா இரண்டும் "ரத்தக் கோளாறு" என்று எழுதப்பட்டுக் கிடக்கும். இந்தத் திட்டத்தில் அவை எலும்புப் புற்று வரிசை. டான்சில் புற்று தொண்டைக்குள் அடங்கும், மலக்குடல் பெருங்குடலுக்குள் அடங்கும்.

பட்டியலில் இருந்தாலும் நிபந்தனை உண்டு. பெரும்பாலான புற்றுகள் முதல் வெளிப்பாட்டுக்கு 5 ஆண்டு கழித்துத் தொடங்கியிருக்க வேண்டும், லுகீமியாவுக்கு 2 ஆண்டு. சிஎல்எல் எனப்படும் நாட்பட்ட நிணநீர் வகை லுகீமியா எஸ்இசியில் கிடையாது. ஆனால் 2012 முதல் அதற்கு டோஸ் கணக்கு வழியாகக் கேட்கலாம். அதற்கு முன் அடியோடு விலக்கப்பட்டவர்கள் மறுபடி கேட்க வேண்டும்.

மருத்துவமனை பழைய கோப்பை அழித்துவிட்டதாகச் சொன்னால் மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு எழுதுங்கள். நோயின் பெயர், தொடங்கிய இடம், கண்டறிந்த தேதி மூன்றும் அங்கே இருக்கும்.

மலைச்சாரல்

நெய்தல் அக்கா, எலும்புப் பரவல் விஷயம் பெரிய உதவி. பரவல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது டோஸ் கணக்குத்தானே? பேட்ஜ் பூஜ்யம் என்றால் அதோடு தோல்வியா?

கதிரளவன்

இல்லை. பேட்ஜில் பூஜ்யம் என்றால் கதிர் படவில்லை என்று பொருள் அல்ல. அந்த ஃபிலிம் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குக் கீழே இருந்தது என்றுதான் பொருள். டோஸ் கணக்கைப் போடும் அரசு ஆய்வு நிறுவனமான நையாஷ் அதைத் "தவறிய டோஸ்" என்று சேர்க்கிறது: கண்டறியும் எல்லையில் பாதி, அதைப் பூஜ்ய வாசிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். எல்லை 40 மில்லிரெம் (கதிர் அளவின் அலகு), மாதம் ஒரு பேட்ஜ் என்று வைத்தால் 20 × 12 = ஆண்டுக்கு 240 மில்லிரெம். அதே பேட்ஜை வாரம் ஒருமுறை மாற்றியிருந்தால் 20 × 52 = 1,040. ஆகவே அறிக்கை வந்ததும் பேட்ஜ் மாற்றிய இடைவெளி சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாத பேட்ஜைக் காலாண்டு பேட்ஜாக எடுத்துக்கொண்டால் டோஸ் மூன்றில் ஒன்றாகிவிடும்.

அடுத்து பார்க்க வேண்டியவை: வேலையின் நிபந்தனையாக எடுத்த மார்பு எக்ஸ்ரேக்கள், குறிப்பாகப் பழைய ஃபோட்டோஃபுளூரோகிராஃபி, அதன் டோஸ் சாதாரண எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. நியூட்ரான் டோஸ். சிறுநீர்ப் பரிசோதனைப் பதிவு. பேட்ஜே தரப்படாத ஆண்டுகளுக்கு சக ஊழியர் தரவு போட்டார்களா, அல்லது வளாகத்தில் பொதுவாக இருந்த சூழல் டோஸ் மட்டும் போட்டுவிட்டார்களா என்பது. குழாய்ப் பொருத்துநருக்குச் சூழல் டோஸ் மட்டும் போடுவது அலுவலக எழுத்தருக்குப் போடுவது போல. அதை எதிர்க்க வேண்டும்.

கணக்குக்கு முன்னால் தொலைபேசி நேர்காணல் உண்டு. கட்டட எண், விபத்து, கசிவு, மூக்குத் துடைப்பு எடுத்த சம்பவம், டிரம் வேலை, பேட்ஜைக் கழற்றி வைக்கச் சொன்ன வேலை எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ரகசிய வேலையாக இருந்தால் அதற்கான அனுமதி உள்ளவரிடம் தனியாகச் சொல்ல ஏற்பாடு கேட்கலாம். கணவர் என்ன வேலை செய்தார் என்று மனைவிக்கே தெரியாத கோப்புகள்தான் அதிகம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் எந்தப் பாதகமும் இல்லை.

வரைவு அறிக்கை வந்ததும் ஓசிஏஎஸ்-1 படிவம் வரும். "என்னிடம் இருந்த தகவலையெல்லாம் தந்துவிட்டேன்" என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள், முடிவை ஒப்புக்கொண்டதாகாது. 60 நாளுக்குள் திரும்பாவிட்டால் கோப்பை மூடி வைத்துவிடலாம். ஆகவே கோபத்தில் போடாமல் விடாதீர்கள்.

தாழ்வாரம்

வேலையில் பட்ட கதிர்தான் புற்றுக்குக் காரணம் என்ற நிகழ்தகவு 50 சதவீதம் வேண்டும் என்கிறார்கள். 38 வந்தால் கதை முடிந்ததா? அதற்குமேல் ஒரு சந்தேகம்: இரண்டாவது புற்று வந்து மறுகணக்குப் போட்டபோது டோஸ் முன்னைவிடக் *குறைந்திருக்கிறது*. இது எப்படி நியாயம்?

கதிரளவன்

இரண்டும் தொடர்புடையவை.

ஐரெப் என்ற கணினிக் கணக்கில் பாலினம், பிறந்த ஆண்டு, நோய் கண்ட ஆண்டு, ஆண்டுவாரி டோஸ், கதிர் வகை எல்லாம் போகும். நுரையீரல் புற்றுக்குப் புகைப்பழக்கமும், தோல் புற்றுக்கு இனமும் சேரும். விடை ஒற்றை எண் அல்ல, ஒரு பரவல். அதன் 99-ஆம் சதமானத்தை எடுத்து 50-ஐத் தொடுகிறதா என்று பார்க்கிறார்கள். தொழிலாளிக்குச் சாதகமாகவே சட்டம் அப்படி வைத்தது.

தனித்தனி முதல்நிலைப் புற்றுகள் இருந்தால் நிகழ்தகவுகளைச் சேர்க்கலாம். நேராகக் கூட்டக் கூடாது. ஒன்றுக்கு 38, இன்னொன்றுக்கு 25 என்றால்: 1 − (0.62 × 0.75) = 0.535. அதாவது 53.5 சதவீதம், ஏற்பு. அதனால்தான் "சின்ன தோல் கட்டி, வெட்டி எடுத்தாயிற்று" என்று விட்ட பேசல் செல் கார்சினோமாவின் பயாப்சி அறிக்கையெல்லாம் முக்கியம். ஒவ்வொன்றும் தனிப் புற்று. 38 வாங்கியவர் தோல் மருத்துவரின் பழைய பதிவுகளை முழுக்கத் தோண்ட வேண்டும்.

டோஸ் குறைந்தது ஏன்? முதல்முறை "எப்படிப் பார்த்தாலும் 50 வராது" என்று தெரிந்தால், நேரம் மிச்சப்படுத்த வேண்டுமென்றே டோஸை ஏற்றிக் காட்டி மறுப்பார்கள். இரண்டாவது புற்று சேர்ந்து 50-ஐ நெருங்கும்போது உண்மையான பதிவை எடுத்து நுணுக்கமாகப் போடுவார்கள். அப்போது இறங்கும். விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் இதை முதல் அறிக்கையிலேயே எளிய மொழியில் சொல்லாமல் விடுவதுதான் பெரிய அநியாயம். குடும்பங்கள் பதிவைத் திருத்திவிட்டார்கள் என்றே நினைக்கின்றன. அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

எங்கே எதிர்க்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். "இந்தக் கணக்கு முறையே தவறு" என்றால், ஆட்சேபங்களைக் கேட்கும் இறுதித் தீர்ப்புப் பிரிவு கேட்காது, அது அவர்களைக் கட்டுப்படுத்தும் முறை. "என் கோப்பில் அந்த முறையைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்: 1971-இல் பேட்ஜ் மாதந்தோறும் மாற்றப்பட்டது, நீங்கள் காலாண்டு என்று போட்டிருக்கிறீர்கள்" என்றால் கேட்டாக வேண்டும்.

பனங்காடு

ராக்கி ஃபிளாட்ஸ்ல 1965 தீ விபத்துல எரிஞ்ச புளூட்டோனியம் நுரையீரல்ல ரொம்ப காலம் கரையாம தங்கும்னு பின்னாடி தனிக் கணக்கு சேர்த்தாங்க இல்லையா? அதுக்கு முன்னாடி மறுத்த கோப்பு என்ன ஆகும்?

கதிரளவன்

ஆமாம், "சூப்பர் எஸ்" வகை. முறை மாறினால் பழைய மறுப்புகளை நையாஷ் தானாகவே எடுத்துப் பார்க்கும். அதற்கு மதிப்பீட்டு அறிக்கை வெளியிடுவார்கள். ஆனாலும் வேலை செய்த கட்டடம் கோப்பில் தவறாக இருந்தால் அந்த வடிகட்டியில் மாட்டாது. கட்டட எண்ணைத் திருத்தச் சொல்லி எழுதுவது உங்கள் கையில்.

நெய்தல்

இப்போது மூச்சடைப்பு நோய்க்கு வருகிறேன். அது ஈ பிரிவு. இங்கே 50 சதவீதக் கணக்கெல்லாம் இல்லை. நச்சுப்பொருள் அந்த நோயை உண்டாக்கியதிலோ, அதற்குப் பங்களித்ததிலோ, மோசமாக்கியதிலோ குறிப்பிடத்தக்க காரணியாக "இருந்திருக்க இல்லாமலிருப்பதற்குச் சமமான வாய்ப்பாவது உண்டு" என்று காட்டினால் போதும். தராசு சரிசமமாக நின்றாலே தொழிலாளி பக்கம். புகை பிடித்தவர் என்பதால் மட்டும் மறுக்க முடியாது. மருத்துவர் அதை மறைக்கக் கூடாது, எதிர்கொண்டு எழுத வேண்டும்: புகையும் காரணம், அதற்குமேல் ஆஸ்பெஸ்டாஸும் வெல்டிங் புகையும் மோசமாக்கின என்று.

கோப்பை விழவைப்பது பெரும்பாலும் மருத்துவர் கடிதம்தான். "ஆலை வேலையால் வந்திருக்கலாம்", "சாத்தியம் உண்டு" என்று எழுதினால் அது ஊகம் என்று தள்ளுவார்கள். ஒன்றரைப் பக்கம் போதும், ஆனால் உள்ளே இவை இருக்க வேண்டும்: நோயின் பெயர், எந்தச் சோதனையில் எந்தத் தேதியில், ஸ்பைரோமெட்ரி (மூச்சளவுச் சோதனை) எண்கள், என்ன வேலை, எத்தனை ஆண்டு, என்னென்ன பொருள், மூச்சு வழியா தோல் வழியா, அந்தப் பொருள் உடலில் இந்த நோயை எப்படி உண்டாக்குகிறது அல்லது மோசமாக்குகிறது, கடைசியில் சட்டத்தின் அந்த வாசகம், சொல் மாறாமல். காரணம் எழுதாமல் வாசகத்தை மட்டும் ஒட்டினாலும் விழும். வாசகம் இல்லாமல் காரணத்தை மட்டும் எழுதினாலும் விழும்.

குடும்ப மருத்துவருக்கு ஆலையைப் பற்றி எதுவும் தெரியாது. வெறுங்கையோடு போய்க் கடிதம் கேட்காதீர்கள். வேலை வரலாறு, பொருட்களின் பட்டியல், சட்டத்தின் வாசகம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

ஏட்டுச்சுவடி

அந்தப் பொருட்களின் பட்டியலுக்கு தொழிலாளர் துறையின் "செம்" தரவுத்தளம் இருக்கிறது, பொதுமக்கள் பார்க்கலாம். ஆலை, பிறகு தொழில் வகை அல்லது கட்டடம், பிறகு பொருள், பிறகு நோய் என்று இறங்க வேண்டும். இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தொழில் வகை தவறினால் எல்லாம் தவறும். "தொழிலாளி" என்று பொதுவாகப் பதிந்திருந்தால் குழாய்ப் பொருத்துநரின் பொருட்கள் வராது. இரண்டு, செம்மில் பொருளுக்கும் நோய்க்கும் இணைப்பு இல்லாவிட்டால் மறுப்பு என்று அர்த்தமில்லை. உறுதிப்பட்ட இணைப்புகளைத்தான் அது காட்டும். மோசமாக்குதல் அதில் வராது. அங்கேதான் மருத்துவர் கடிதம் வேலை செய்ய வேண்டும்.

வள மையத்தில் எடுக்கும் தொழில் வரலாற்று நேர்காணலில் "பல ரசாயனங்கள்" என்று சொல்லாதீர்கள். என்ன வேலை செய்தபோது எதைக் கொண்டு துடைத்தார்கள், எதை வெட்டினார்கள், காற்றோட்டம் இருந்ததா, முகமூடி தந்தார்களா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். பிறகு அந்தக் கோப்பைத் தொழில் சுகாதார நிபுணர் பார்த்து வெளிப்பாட்டின் அளவை எழுதுவார். அதன் மேல் அரசு மருத்துவ ஆலோசகர் கருத்து எழுதுவார். நிபுணர் "தற்செயலான, குறைந்த அளவு" என்று எழுதிவிட்டால் ஆலோசகர் கிட்டத்தட்ட நிச்சயமாக இல்லை என்பார். ஆகவே சண்டையை ஆலோசகரோடு போடாமல், அவருக்கு அனுப்பப்பட்ட "ஏற்கப்பட்ட உண்மைகள்" தாளோடு போடுங்கள். முழுக் கோப்பின் நகலையும் எழுதிக் கேட்டால் தருவார்கள். எரிசக்தித் துறை அனுப்பிய பதிவுகளும் அதில் இருக்கும்.

பழைய மறுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 1995-க்குப் பிறகு ஆலைகளில் வெளிப்பாடு வரம்புக்குள்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்ளச் சொன்ன 15-06 சுற்றறிக்கை 2014 கடைசியில் வந்தது, 2017-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த வாதத்தால் மறுக்கப்பட்டிருந்தால் அதைச் சுட்டிக்காட்டி மீண்டும் திறக்கச் சொல்லுங்கள்.

தாழ்வாரம்

பெரிலியம் பற்றி யாரும் சொல்லவில்லையே? பெரிலிய நோயை சார்காய்டோசிஸ் என்ற வேறு அழற்சி நோயாக எழுதிய பழைய கோப்புகள் நிறைய.

நெய்தல்

நல்ல நினைவூட்டல். பெரிலிய நோயும் சார்காய்டோசிஸும் திசுவில் ஒரே மாதிரி கிரானுலோமா என்ற அழற்சிக் கட்டிகளைக் காட்டும், பெரிலியம் பட்டவர் என்று தெரியாத மருத்துவர் சார்காய்டோசிஸ் என்றுதான் எழுதுவார். பெரிலியம் லிம்போசைட் பெருக்கச் சோதனையில் இயல்பு மீறிய ஒரு முடிவு இருந்தால் உணர்திறன் ஏற்கப்படும். அதற்குக் கண்காணிப்புச் செலவு மட்டும், தொகை கிடையாது. நோயாக மாறினால்தான் 1,50,000. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்தச் சோதனை பொய்யாக இயல்பு காட்டக்கூடும். அப்படியிருந்தால் மருத்துவர் அதை எழுத்தில் தர வேண்டும். 1993-க்கு முன் கண்டறிந்த நோய்க்கு வேறு அளவுகோல்: எக்ஸ்ரே அல்லது சிடி மாற்றம், நுரையீரல் செயல்குறை, திசு அறிக்கை, நாட்பட்ட சுவாச நோயின் போக்கு, நோயெதிர்ப்புச் சோதனை ஆகிய ஐந்தில் மூன்று. ரத்தச் சோதனை இல்லாமலும் அது நிரம்பும்.

முன்னாள் தொழிலாளர்களுக்கு எரிசக்தித் துறை நடத்தும் இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் இந்தச் சோதனை, ஸ்பைரோமெட்ரி, எக்ஸ்ரே மூன்றும் செய்கிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பப் போகலாம்.

பனங்காடு

ஏற்பு வந்த பிறகும் பணத்தை விட்டுடறாங்க, அதையும் சொல்லிடறேன். 1,50,000 வந்ததும் முடிஞ்சதுன்னு நினைச்சிடறாங்க. பி பிரிவுல ஏத்துக்கிட்ட புற்று, ஒப்பந்த ஊழியருக்கு ஈ பிரிவுலயும் ஏத்துக்கிட்டதுதான். ஆனா உடல் குறைபாட்டுத் தொகையைத் தனியாக் கேட்டாத்தான் தருவாங்க. முழு உடம்புக் குறைபாடு ஒவ்வொரு சதவீதத்துக்கும் 2,500 டாலர். 30 சதவீதம்னா 75,000. அமெரிக்க மருத்துவச் சங்கக் கையேடு 5-ஆம் பதிப்புப்படி மதிப்பிடத் தெரிஞ்ச மருத்துவர் வேணும். 6-ஆம் பதிப்புல போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. நோய் மோசமானா 2 வருஷம் கழிச்சு மறுபடி கேட்கலாம்.

வருமான இழப்பு வேற. வேலையில இழப்பு ஆரம்பிச்சதுக்கு முந்தின 36 மாசச் சராசரி அடிப்படை. அதுல பாதியோ அதுக்குக் கீழயோ சம்பாதிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15,000. பாதிக்கு மேல 75 சதவீதம் வரைன்னா 10,000. ஓய்வு வயசு வரைக்கும்தான்.

சிகிச்சையால வந்த நோயும் சேரும். கீமோவால நரம்பு மரத்துப்போறது, ஸ்டீராய்டால சர்க்கரை. மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்தா அதுக்கும் மருத்துவச் செலவு.

ஏட்டுச்சுவடி

இதோடு சேர்த்து மிக வேதனையான ஒன்று. கோரிக்கை நடக்கும்போதே தொழிலாளி இறந்தால் அவர் கோப்பு அங்கேயே மூடப்படும். குடும்பத்தார் ஈஈ-2 புதிதாகப் போட வேண்டும். பி பிரிவில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. ஈ பிரிவில் துணைவருக்கு, அவர் இல்லையென்றால் இறந்தபோது 18 வயதுக்குள் இருந்த, அல்லது 23-க்குள் முழுநேரம் படித்துக்கொண்டிருந்த, அல்லது தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு மட்டும். அடிப்படைத் தொகை 1,25,000. நாற்பது வயது மகள் பராமரித்திருந்தாலும் ஈ பிரிவில் அவருக்கு ஒன்றும் இல்லை. இறுதிக் கட்ட நோய் என்றால் மருத்துவர் கடிதத்தை உடனே அனுப்பி முன்னுரிமை கேளுங்கள். அந்தக் கோப்புகளைத் தனியாக எடுத்துப் பார்க்க விதி இருக்கிறது.

மலைச்சாரல்

மறுப்பு வந்துவிட்டால் கெடு என்ன? வக்கீல் வேண்டுமா?

ஏட்டுச்சுவடி

முதலில் வருவது பரிந்துரை முடிவு. அதன் *தேதியிலிருந்து* 60 நாள், கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. அதற்குள் ஆட்சேபத்தை எழுதி, வாய்மொழி விசாரணை வேண்டுமா, எழுத்து ஆய்வு போதுமா என்று சொல்ல வேண்டும். ஆதாரம் கையில் இல்லாவிட்டாலும் ஆட்சேபத்தைப் போட்டுவிடுங்கள். விசாரணைக்குப் பின் 30 நாள் கோப்பு திறந்திருக்கும்; மருத்துவர் கடிதத்தை அதற்குள் சேர்க்கலாம். கூடவே ஒரு விலக்குப் படிவம் வரும், ஆட்சேப உரிமையை விட்டுக்கொடுப்பது. முழு ஏற்பாக இருந்தால் அதில் கையெழுத்துப் போட்டால் பணம் சீக்கிரம் வரும். பாதி ஏற்பு, பாதி மறுப்பு என்றால் மறுத்த பகுதிக்கு விலக்குத் தராதீர்கள்.

ஆட்சேபம் போய் ஓராண்டு வரை இறுதித் தீர்ப்புப் பிரிவு எதுவும் சொல்லாவிட்டால் பரிந்துரை முடிவே இறுதியாகிவிடும். ஆகவே பத்தாவது மாதத்தில் எழுதிக் கேளுங்கள்.

இறுதி முடிவுக்குப் பின் 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். ஈ பிரிவுக்கு 60 நாளுக்குள் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். இரண்டையும் தவறவிட்டாலும் மீண்டும் திறக்கக் கேட்பதற்குக் கெடு கிடையாது. வேலை பற்றியோ நோய் பற்றியோ புதிய ஆதாரம், அல்லது புதிய எஸ்இசி வகுப்பு, மாறிய கணக்கு முறை வேண்டும். "மறுபடி பாருங்கள்" என்று மட்டும் எழுதினால் திரும்பி வரும்.

வக்கீல் கட்டணத்துக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது: ஆரம்பக் கோரிக்கைக்குத் தொகையில் 2 சதவீதம், பரிந்துரை முடிவை எதிர்த்த வேலைக்கு 10 சதவீதம். அதற்குமேல் கேட்பவரிடம் போகாதீர்கள். வழக்குத் தொடர்ந்தோ மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டிலோ அதே நோய்க்குப் பணம் வாங்கியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கழித்துக்கொள்வார்கள், பிறகு தெரியவந்தால் திருப்பிக் கேட்பார்கள்.

தாழ்வாரம்

யுரேனியச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு?

ஏட்டுச்சுவடி

அவர்களுக்கு முதலில் நீதித் துறையின் ரெகா எனப்படும் கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம். அதில் 1,00,000, அது ஏற்கப்பட்டால் பி பிரிவில் மேலும் 50,000, மருத்துவச் செலவு. ரெகா 2024 ஜூனில் காலாவதியாகி 2025 ஜூலையில் திரும்ப வந்தது. விண்ணப்பக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31.

மலைச்சாரல்

அப்படியானால் நம் குழாய்ப் பொருத்துநர் கோப்புக்கு நான் எழுதி வைத்துக்கொண்டது: வருமானப் பதிவும் சங்கச் சீட்டும் முதலில். ஆலை, ஆண்டு எஸ்இசியில் இருக்கிறதா. எலும்பு ஸ்கேன் உண்டா. இல்லையென்றால் தோல் பயாப்சிகளோடு டோஸ் கணக்கு, பேட்ஜ் இடைவெளியைச் சரிபார்த்து. மூச்சடைப்புக்கு ஈ பிரிவில் தனிக் கடிதம். எதையாவது விட்டேனா?

பனங்காடு

ஒண்ணு விட்டீங்க. அனுப்புற ஒவ்வொரு தாள்லயும் கோப்பு எண்ணை மேல எழுதுங்க, ரெண்டு பக்கம் இருந்தா ரெண்டுலயும். ஸ்கேன் பண்ற இடத்துல தாள் பிரிஞ்சா எண் இல்லாத பக்கம் யார் கோப்புலயும் சேராது.